போர் மூளாத போர்க்களம்

அமெரிக்க எழுத்தாளர் ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' வரிசையில் நான்காவதாக வந்து கதையை முடித்துவைத்த நாவல் 'பிரேக்கிங் டான்'. 2008 ஆகஸ்ட் 2 அன்று வெளியான இந்நூல், அமெரிக்காவில் முதல் நாளிலேயே சுமார் 13 லட்சம் பிரதிகள் விற்றது. ஆனால் 750 பக்கங்களுக்கு மேல் நீளும் நாவலைப் படித்து முடித்த ரசிகர்கள் பலர் கொதித்துப்போயினர். புத்தகத்தைக் கடையிலேயே திருப்பிக் கொடுக்கும்படி சிலர் இணையத்தில் பிரசாரமும் செய்தனர்.

ஏமாற்றத்தின் வேர் முந்தைய மூன்று நூல்களில் இருக்கிறது. ஃபோர்க்ஸ் என்ற சிற்றூரில் வாழும் பெல்லா, ரத்தக் காட்டேரியான எட்வர்டைக் காதலிக்கிறாள். அவளும் காட்டேரியாக மாறினால் தந்தையைப் பிரிய வேண்டும். தொடக்கத்தில் ரத்த வெறியில் தன்னிலை இழக்க வேண்டும். அவளை விரும்பும் ஜேக்கப்பின் மனமும் உடையும். இருள் கலந்த மாயக்கதைக்கு உயிர்நாடியே இப்படிப்பட்ட விலைதான்.

நான்காம் நூலின் நடுப்பகுதி அந்த இருளுக்கு நியாயம் செய்கிறது. எட்வர்டால் கருவுறும் பெல்லாவின் விலா எலும்பைக் கருவிலுள்ள குழந்தை முறிக்கிறது. உயிர் தரிக்க அவள் கோப்பையில் மனித ரத்தம் குடிக்கிறாள். பிரசவத்துக்குப் பிறகோ எல்லா விலையும் தள்ளுபடியாகிறது. காட்டேரியான பெல்லா வெறியை எளிதில் அடக்கிவிடுகிறாள். தந்தையின் உறவும் நீடிக்கிறது. ஜேக்கப், பிறந்த குழந்தையுடனேயே ஆயுள் முழுமைக்கும் பிணைக்கப்படுகிறான். இந்தத் திருப்பம் பலருக்கு அருவருப்பையே தந்தது.

உச்சக்கட்டத்தில், காட்டேரிகளின் ஆட்சிக்குழுவான வோல்டூரி, அந்தக் குழந்தையை ஆபத்தெனக் கருதிப் படையுடன் வருகிறது. இரு தரப்பும் பனிவெளியில் எதிரெதிரே நிற்கின்றன. கடைசி நேரத்தில், அதுவரை கதையில் தலைகாட்டாத நாவெல் என்பவன் வந்து, தானும் அக்குழந்தையைப் போல மனித-காட்டேரிக் கலப்புப் பிறவியே என்று சாட்சி சொல்கிறான். வோல்டூரி திரும்பிப் போய்விடுகிறது. நாயகி தரப்பில் முக்கியமான யாரும் சாகவில்லை.

இதை மேயர் திட்டமிட்டே செய்தார். ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' போல வாதத்தால் தீரும் மோதலே அவர் நோக்கம். அட்டையிலுள்ள சதுரங்கக் காய்களும் அதற்கான குறிப்புதான். அமைதியான முடிவு தன்னளவில் குறையன்று. ஆனால் அதைப் பெறப் பெல்லா எதையும் இழக்கவில்லை என்பதால், நூற்றுக்கணக்கான பக்கங்களில் வளர்த்த அச்சம் வீணாகிறது.

2012இல் வந்த திரைப்படம் இந்தக் குறையை வேறு வழியில் ஈடுகட்டியது. எட்வர்டின் வளர்ப்புத் தந்தை கார்லைல் உட்படப் பலர் மடியும் பெரும்போரை முதலில் காட்டி, அது வருங்காலம் பற்றிய காட்சி மட்டுமே என்று பிறகு வெளிப்படுத்தியது. முடிவு மாறவில்லை, தவிர்க்கப்பட்ட இழப்பு எத்தனை பெரியது என்பது மட்டும் பார்வையாளருக்குக் கண்ணெதிரே தெரிந்தது.