கடைசி அணிக்கு முதல் தேர்வு

அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் லீக்கில் 32 அணிகள். கல்லூரி ஆட்டத்திலிருந்து வரும் இளம் வீரர்களை அவை ஆண்டுதோறும் 'டிராஃப்ட்' முறையில் பங்கிட்டுக்கொள்கின்றன. ஏலம் கிடையாது, முறை வைத்துப் பெயர் சொல்வதுதான். முந்தைய பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு, கோப்பை வென்ற அணிக்குக் கடைசி வாய்ப்பு. இப்படி ஏழு சுற்றுகள். ஓர் அணி பெயர் சொல்லிவிட்ட வீரரோடு மற்ற அணிகள் ஒப்பந்தம் பேச முடியாது.

1930களில் நல்ல வீரர்கள் சிகாகோ பேர்ஸ், நியூயார்க் ஜயண்ட்ஸ் போன்ற வலுவான அணிகளையே நாடினார்கள். நொடித்துக்கொண்டிருந்த பிலடெல்பியா ஈகிள்ஸின் உரிமையாளர் பெர்ட் பெல் 1935இல் இந்த யோசனையை முன்வைத்தார். அதனால் இழப்பு பெரிய அணிகளுக்குத்தான்; ஆனாலும் அவை இசைந்தன. விளையாட்டு வரலாற்றின் அருமையான விட்டுக்கொடுத்தல்களில் இது ஒன்று. 1936 பிப்ரவரியில் நடந்த முதல் டிராஃப்டில் முதல் பெயர் ஜே பெர்வாங்கர். அவரோ தொழில்முறை ஆட்டத்துக்கு வரவே இல்லை.

தேர்வு வாய்ப்பைக் கைமாற்றலாம் என்பதில்தான் அணி கட்டும் கலை இருக்கிறது. 1989இல் டல்லஸ் கவ்பாய்ஸ் தன் நட்சத்திர ஓட்டக்காரர் ஹெர்ஷல் வாக்கரை மினசோட்டாவுக்குக் கொடுத்து, வீரர்களோடு தேர்வு வாய்ப்புகளையும் அள்ளிக்கொண்டது. அவற்றில் ஒன்றைப் பிறகு மாற்றிக்கொண்டுதான் 1990இல் எம்மிட் ஸ்மித்தைப் பிடித்தது. 1992 முதல் 1995 வரையிலான நான்கு பருவங்களில் டல்லஸுக்கு மூன்று முறை லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் கோப்பை.

1994இல் ஒவ்வோர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கும் உச்சவரம்பு வந்தது. 2010இல் முதல் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு உத்தரவாதத் தொகை மட்டுமே 5 கோடி டாலர். 2011இல் புதுமுகங்களின் சம்பளத்துக்கு வரம்பு வந்ததும், அந்த ஆண்டின் முதல் தேர்வான கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்தே சுமார் 2.2 கோடிதான். பந்தெறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் திறமையான ஒருவராகி, இப்படிக் குறைந்த சம்பளத்தில் அமைந்துவிட்டால், மிச்சப் பணத்தில் தடுப்பு வரிசையையே பலப்படுத்தலாம். 2012இல் மூன்றாம் சுற்றில் குவார்ட்டர்பேக் ரஸல் வில்சனை எடுத்த சியாட்டில், மறு பருவத்திலேயே கோப்பை வென்றது.

கணிப்புகள் பொய்த்ததும் ஏராளம். ஏழு முறை சூப்பர் பௌல் வென்ற டாம் பிரேடி, 2000இல் 199ஆவது ஆளாகத்தான் தேர்வானார். ஏழு சுற்றிலும் பெயர் வராதவர்கள் தமக்குப் பிடித்த அணியோடு தாமே பேசிச் சேரலாம். 1999 பருவத்தின் கோப்பையை செயின்ட் லூயிஸுக்கு வென்று தந்த கர்ட் வார்னர், எந்த அணியும் பெயர் சொல்லாமல் விட்டவர்.