வீட்டு வேலைக்கு எவ்வளவு ஆகும்? – கேட்பதற்கு முன் எழுதிக்கொள்வோம்

 

மழைக்காலம் நெருங்குகிறது. வீட்டு மராமத்துக்கு உதவி கேட்டு நம் டிரஸ்ட்டுக்கு மனுக்கள் அதிகம் வருவது இந்த மாதங்களில்தான். மனுவோடு பெரும்பாலும் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். அதில், ‘மாடி வேலை – 24,000’ என்று ஒரே வரி. “இது நியாயமான ரேட்டுதானா?” என்று கேட்பார்கள். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு யாராலும் பதில் சொல்ல முடியாது. ஏன் என்பதைப் போன வருடம் நாமே பாடமாகப் படித்தோம்.

இத்தா முடிந்து சில மாதங்களே ஆன ஒரு சகோதரியின் வீடு அது. கணவர் இருந்தவரை கொத்தனார், பெயிண்டர் எல்லாரிடமும் அவர்தான் பேசுவார். 600 சதுர அடி மாடி ஒழுகியது. மூன்று பேர் பார்த்துவிட்டு முறையே 24,000, 57,000, 90,000 என்றார்கள். குறைந்த தொகைக்குச் சம்மதித்தார். நகையை அடகு வைத்தார். நாமும் ஸதகா நிதியிலிருந்து 10,000 கொடுத்தோம். என்ன வேலை செய்யப்போகிறார்கள் என்று கேட்கவில்லை. ஐப்பசி மழையில் மறுபடியும் ஒழுகியது.

இந்த வருடம் அதே மாடியில் நாமே ஏறிப் பார்த்தோம். தட்டோடுகளைத் தட்டினால் பல இடங்களில் பொள்ளலாகச் சத்தம் வந்தது. அடியில் பிடிப்பு விட்டுப்போன அந்த ஓடுகளின் மேலேயே வாட்டர்புரூஃப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். விசாரித்ததில் விஷயம் புரிந்தது. 24,000 என்பது பெயிண்டுக்கு மட்டும். 57,000 என்பது கெட்ட ஓடுகளை மாற்றிவிட்டுப் பெயிண்ட் அடிப்பதற்கு. 90,000 என்பது பழைய ஓடு முழுவதையும் பெயர்த்துப் புதிதாகப் பதிப்பதற்கு. யாரும் பொய் சொல்லவில்லை. மூன்றும் மூன்று வேறு வேலைகள். நாம் தொகையை மட்டும் ஒப்பிட்டோம்.

பிறகு வேலையை நாமே வரிசையாக எழுதினோம்: பிடிப்பு விட்ட ஓடுகளை எடுத்துப் புதிது பதித்தல், விரிசல்களையும் இணைப்புகளையும் அடைத்தல், தண்ணீர் ஓடுவதற்கு வாட்டம் சரிசெய்தல், இரண்டு கோட் பெயிண்ட், கழிவை இறக்கி அப்புறப்படுத்துதல். ஒரே பட்டியலை மூவரிடமும் கொடுத்தோம். 46,000, 49,000, 58,000 என்று வந்தது. இப்போதுதான் ஒப்பிட முடிந்தது.

கேட்க வேண்டியவை

1. கூலி மட்டுமா, பொருளோடு சேர்த்தா? பொருளோடு என்றால் எந்த கம்பெனி, எந்த ரகம்?

2. அளவு எப்படி? பெயிண்ட் வேலையில் தரையை அளக்க மாட்டார்கள், சுவரை அளப்பார்கள். 10க்கு 12 அடி அறை, உயரம் 10 அடி என்றால் சுவர் 440, மேல்தளம் 120, ஆக 560 சதுர அடி. தரை 120தானே என்று நினைத்திருந்தவருக்கு பில் அதிர்ச்சியாக இருக்கும். அது ஏமாற்று அல்ல. கதவு, ஜன்னலைக் கழிப்பார்களா என்பதை மட்டும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

3. சாரம், வண்டி வாடகை, கழிவு அகற்றுவது யார் பொறுப்பு?

4. நடுவில் வேலை கூடினால் என்ன ரேட்? பெரும்பாலான சண்டை இங்கேதான் தொடங்குகிறது.

சிறிய வேலைக்கு நாள் கூலி லாபம். ஆனால் கூட இருந்து கவனிக்க ஆள் வேண்டும். ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளுக்குச் சதுர அடிக் கணக்கே நல்லது.

பணம் கொடுக்கும் முறை

கால் பங்கு முன்பணம், பாதி வேலையில் பாதித் தொகை, மீதி கடைசியில். அந்தச் சகோதரியின் மாடியில் தண்ணீர் போகும் குழாய்களை அடைத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கிப் பார்த்தோம். கீழே ஈரம் இல்லை என்று கண்ட அன்றே கடைசித் தொகையையும் கொடுத்தோம், அல்ஹம்துலில்லாஹ்.

இதில் நமக்கும் ஒரு கடமை உண்டு. வேலையை முடித்துக் கொடுத்த கொத்தனாரை மீதிப் பணத்துக்காக மாதக்கணக்கில் அலைய விடுவதும் நம் மஹல்லாவில் நடக்கிறது. அவருக்குக் கீழே சித்தாள்கள் அன்றாடக் கூலிக்குக் காத்திருக்கிறார்கள். உழைத்தவரின் கூலியைத் தாமதிக்காமல் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு வலியுறுத்தியிருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல.

குர்ஆனின் மிக நீண்ட வசனம், சூரா அல்பகராவின் 282வது வசனம், தவணைக் கடனை எழுதிக்கொள்வதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. முன்பணம் வாங்கிப் பிறகு செய்து தரும் வேலைக்கும் அந்த ஒழுங்கு பொருந்தும். “தெரிந்தவர்தானே, எழுதிக் கேட்டால் தப்பாக நினைப்பாரே” என்று தயங்க வேண்டாம். எழுதினால்தான் உறவும் மிஞ்சும்.

இனி மராமத்து உதவி கோருபவர்கள் வேலைப் பட்டியலோடு கூடிய மதிப்பீட்டை இணைக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் அஸருக்குப் பின் அலுவலகம் வாருங்கள், நாமே எழுதித் தருகிறோம். பெண்கள் மட்டும் உள்ள வீடாக இருந்தால், மதிப்பீடு எடுக்கும் நாளில் நம் டிரஸ்ட்டிலிருந்து ஒருவர் வந்து உடன் இருப்பார், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.
செயலாளர்