படித்தவரே படைப்பவர்

நன்றாக எழுத விரும்புவோர் முதலில் நிரம்பப் படித்தல் வேண்டும். இவ்வுண்மைக்கு வீரமாமுனிவரே தக்க சான்று.

இத்தாலி நாட்டில் 1680-இல் பிறந்த அவர், முப்பது வயதளவில் இந்தியா வந்தார். வந்த பின்னரே தமிழைக் கற்றார். அவரே 1726-இல் 3,615 பாக்கள் கொண்ட தேம்பாவணியைப் படைத்தார். இஃது எவ்வாறு இயன்றது?

அவர் தம் சமய நூல்களோடு நின்றுவிடவில்லை. சமண முனிவர் திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியைக் கற்றார்; கம்பனில் தோய்ந்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். மொழிபெயர்ப்பவர் எந்தச் சொல்லையும் எண்ணாது கடக்க இயலாதன்றோ? புனித சூசையப்பரின் வரலாற்றைப் பாடும் காப்பியத்திலும் குறளின் மணம் கமழ்கிறது. படித்தவை அவருள்ளே செரித்து, அவர் சொல்லாகவே வெளிவந்தன.

ஏட்டுத் தமிழோடும் அவர் அமையவில்லை. மக்கள் பேசும் கொடுந்தமிழுக்கும் இலக்கணம் எழுதினார். அவ்வாறு செவிமடுத்தவரே பரமார்த்த குரு கதையின் எளிய, நகைச்சுவை மிக்க உரைநடையையும் தந்தார்.

பெற்றோரே, பிள்ளைகள் கட்டுரை எழுதத் திணறினால் கடிந்து பயனில்லை. பாடநூலன்றி வேறு நூல் வீட்டில் உண்டா எனப் பாருங்கள். கதை, வரலாறு, அறிவியல், பிற சமயத்தார் இலக்கியம் எனப் பலவும் இருக்கட்டும். இரவுச் செபத்திற்குப் பின் கால் மணி நேரம் ஒருவர் உரக்கப் படிக்க, ஏனையோர் கேட்கட்டும். சுவைத்த சொல்லைக் குறித்துவைக்கட்டும்.

விதைக்காத வயலில் விளைச்சலை எதிர்பார்க்கலாமா?