நாய்க்குட்டியின் கால் வளைவது ஏன்?

உங்கள் வீட்டு நாய்க்குட்டியை நேர் எதிரே நிறுத்தி உற்று நோக்குங்கள். முன்னங்கால்கள் இரண்டும் தூண்களைப் போல் நேராக நிற்கின்றனவா? அல்லது ஒரு பாதம் மட்டும் வெளிப்புறமாகத் திரும்பியிருக்கிறதா? இச்சிறு சோதனை அக்குட்டியை ஆயுள் முழுதும் நொண்டாமல் காக்கக்கூடும்.

குட்டைக் கால்கள் எல்லாம் நோயுற்ற கால்கள் அல்ல. டாஷ்ஹண்ட் இன நாய்களின் கால்கள் பிறவியிலேயே குட்டையானவை. சற்று வளைந்தும் இருக்கும். எலும்பு வளர்ச்சியோடு தொடர்புடைய ஒரு ஜீன் கூடுதலாக ஒரு படி அமைந்திருப்பதே இக்குட்டைக் கால்களுக்குக் காரணம் என 2009இல் கண்டறிந்தனர். இரு கால்களும் ஒன்றுபோல் இருந்து, நாய் வலியின்றி ஓடினால் அது பெரும்பாலும் இனத்தின் இயல்பே.

நேராக இருந்த கால் வளரும் பருவத்தில் வளையத் தொடங்கினால்தான் கவலைப்பட வேண்டும். முன்னங்காலின் கீழ்ப்பகுதியில் ரேடியஸ், அல்னா என்னும் இரு எலும்புகள் அருகருகே உள்ளன. எலும்பு முனைகளிலுள்ள குருத்தெலும்புத் தட்டுகளே அவற்றை நீளச் செய்கின்றன. அல்னாவின் நீள வளர்ச்சியில் சுமார் 85 சதவீதம் மணிக்கட்டுக்கு அருகிலுள்ள ஒரே தட்டைச் சார்ந்தது. நாய்களில் இத்தட்டு கூம்பு வடிவமானது. ஆகவே குட்டி கட்டிலிலிருந்து விழுந்தாலும் இது நசுங்கிவிடக்கூடும்.

நசுங்கினால் அல்னாவின் வளர்ச்சி நின்றுவிடும். ரேடியஸ் மட்டும் வளரும். குறுகிய அல்னா நாணைப்போல் இழுக்க, ரேடியஸ் வில்லைப்போல் முன்னோக்கி வளையும். பாதம் வெளியே திரும்பும். முழங்கை மூட்டின் பொருத்தமும் குலையலாம். விழுந்த அன்று ஏற்பட்ட நொண்டல் சில நாட்களில் மறைந்துவிடுவதால் நாம் ஏமாந்துவிடுகிறோம். வளைவு கண்ணுக்குத் தெரியப் பல வாரங்கள் ஆகும்.

உணவுக் குறையாலும் கால்கள் வளைவதுண்டு. வெறும் இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி. கால்சியம் மிகக் குறைவு. மேலும், நம்மைப்போல் வெயிலின் உதவியால் போதிய வைட்டமின் டியை உண்டாக்க நாயின் தோலால் இயலாது. அது உணவிலிருந்தே கிடைக்க வேண்டும். இக்குறையால் ஒரு கால் மட்டுமன்றிப் பல எலும்புகளும் பாதிக்கப்படும்.

வளைவைக் கண்டதும் கால்சியம் மருந்தைத் தாமே வாங்கிக் கொடுப்பவர் பலர். நசுங்கிய தட்டைக் கால்சியத்தால் உயிர்ப்பிக்க முடியாது. அளவு மீறினால் வளரும் எலும்புக்கே கேடு. மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுவதாலும் இவ்வளைவு நிமிராது. மனிதருக்கான வலி மாத்திரைகள் நாய்க்கு நஞ்சாகலாம்.

கால்நடை மருத்துவரிடம் காட்டி, இரு கால்களையும் எக்ஸ் கதிர்ப்படம் எடுத்து ஒப்பிடுவதே சரியான வழி. வளர்ச்சி எஞ்சியிருக்கும்போதே அல்னாவில் ஒரு துண்டை நீக்கினால், நாணை அறுத்தது போலாகும். ரேடியஸ் ஓரளவு தானே நிமிர வாய்ப்புண்டு. சிறிய இன நாய்களின் எலும்பு வளர்ச்சி பெரும்பாலும் பத்து மாதங்களுக்குள் முடிந்துவிடும். அதன்பின் ரேடியஸையே வெட்டி, நேராக்கி, உலோகத் தகடு பொருத்த நேரிடும்.

எனவே குட்டி உயரத்திலிருந்து விழுந்திருந்தால், நொண்டல் நின்றபின்னும் வாரம் ஒருமுறை அதன் கால்களைப் பாருங்கள். ஒரு பாதம் திரும்புவதாகத் தோன்றினால் அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டாம்.