அறுகோணத்துக்குள் அறுகோணம்

தேன் பாட்டில் லேபிள் என்றாலே அறுகோணம் வந்துவிடும். 1920களில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய கிராம மையத்தில் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்த ஊர் மார்த்தாண்டம். இன்று அதன் தேனுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. அந்தத் தேனுக்கு ஒரு லேபிள் வரைவதாக வைத்துக்கொள்வோம்: வெளியே ஓர் அறுகோணம், உள்ளே சிறிய அறுகோணம், நடுவில் 'தேன்' என்ற சொல். நம்மூர் டி.டி.பி. கடைகளில் கோரல் டிராதான் அதிகம் புழங்குகிறது என்பதால் அதிலேயே பார்க்கலாம்.

வெளி அறுகோணத்தின் பக்கம் 20 மி.மீ. அதை நகலெடுத்து, ஷிஃப்டை அழுத்தியபடி மூலையைப் பிடித்து 80 சதவீதமாகக் குறுக்கினால் நடுப்புள்ளி மாறாமல் பக்கம் 16 மி.மீ. ஆகும். ஆறு பக்கமும் இடைவெளி ஒரே அளவு, ஏறக்குறைய 3.5 மி.மீ. இதையே செவ்வகத்துக்குச் செய்தால் ஏமாந்துபோவோம். 100க்கு 50 மி.மீ. செவ்வகத்தை 90 சதவீதமாக்கினால் இடவலமாக 5 மி.மீ. விளிம்பும், மேலே கீழே 2.5 மி.மீ. விளிம்பும்தான் கிடைக்கும். நீள அகலம் அதனதன் விகிதத்தில் குறைவதே காரணம். சுற்றிலும் சம விளிம்பு வேண்டுமென்றால் குறுக்கக் கூடாது. கான்டூர் கருவியால் உள்நோக்கி நகர்த்த வேண்டும்.

இரண்டு அறுகோணங்களையும் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் ஜி கொடுத்தால் அது குரூப். சேர்ந்து நகரும், அவ்வளவுதான். உள்ளே அவை தனித்தனி உருவங்களே. கண்ட்ரோல் எல் கொடுத்தால் கம்பைன்: இரண்டும் ஒரே உருவமாகி, நடுப்பகுதி ஓட்டையாகிவிடும். பின்னணியில் தேன்கூட்டுப் படம் வைத்தால் அந்த ஓட்டை வழியே தெரியும். மென்பொருள் இதை முடிவு செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒரு புள்ளியிலிருந்து வெளியே ஒரு கோடு இழுத்து, அது எத்தனை எல்லைகளைக் கடக்கிறது என்று எண்ணுகிறது. ஒற்றைப்படை என்றால் நிறம், இரட்டைப்படை என்றால் வெறுமை. உள்ளே மூன்றாவது அறுகோணம் சேர்த்தால் நடுவில் மறுபடி நிறம் வருவது இதனால்தான்.

எழுத்தும் இப்படித்தான். 'தேன்' என்பதை கண்ட்ரோல் கியூ கொடுத்து வளைகோடாக்கிய பிறகு பிரேக் அபார்ட் செய்து பாருங்கள். ஏகாரக் கொம்பின் சுழியும் 'ன'வின் சுழியும் அடைபட்டுப் போகும். ஓட்டைகளாக இருந்த வளைவுகள் தனி உருவங்களாகித் தாங்களும் நிறம் பூசிக்கொள்கின்றன. அவற்றை மறுபடி கம்பைன் செய்தால் சுழி திறக்கும்.

வெல்ட் வேறு. ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் உருவங்களின் உள் எல்லைகளைக் கரைத்து, வெளிக்கோட்டை மட்டும் மிச்சம் வைக்கும். 'கன்னியாகுமரி' என்ற சொல்லை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால் 'னி'யின் கொக்கி தனித் துண்டாக வந்து 'ன' மேல் ஒட்டும். காகிதத்தில் அச்சிட்டால் கண்ணுக்குத் தெரியாது. அதே கோப்பை ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டருக்கு அனுப்பினால் கத்தி ஒவ்வொரு கோட்டின் மேலும் போகும். கொக்கி தனியாக உரிந்து வரும். வெட்டுவதற்கு முன் வெல்ட் செய்தே ஆக வேண்டும்.

இனி பெரிதாக்கும் சங்கதி. 6 செ.மீ. லேபிளைக் கடை வாசலில் வைக்க 6 அடி ஃபிளெக்ஸ் ஆக்குகிறோம். சுமார் 30 மடங்கு. லேபிளில் 1 பாயின்ட் கோடு, அதாவது 0.35 மி.மீ., அழகாகத் தெரிந்தது. அவுட்லைன் பேனாவில் 'ஸ்கேல் வித் ஆப்ஜெக்ட்' டிக் இல்லையென்றால் ஃபிளெக்ஸிலும் அது 1 பாயின்ட்தான். தெருவிலிருந்து பார்ப்பவருக்கு இல்லாத கோடு. டிக் இருந்தால் 10 மி.மீ.க்கு மேல் தடிக்கும். குரூப்புக்குள் குரூப்பாக அடுக்கிய படத்தில் சில கோடுகளுக்கு டிக் இருந்து சிலவற்றுக்கு விட்டுப்போனால்தான் பெரிய சிக்கல். பெரிதாக்கும்போது ஒரு வளையம் தடிக்கும், பக்கத்து வளையம் மெலிந்தே நிற்கும். கண்ட்ரோலை அழுத்தியபடி கிளிக் செய்தால் குரூப்பைக் கலைக்காமலே உள்ளே இருக்கும் உருவத்தைப் பிடித்து அந்த டிக்கைச் சரிபார்க்கலாம்.

இன்னும் உறுதியான வழி, கண்ட்ரோல் ஷிஃப்ட் கியூ. கோடே ஓர் உருவமாக மாறிவிடும். பிறகு எந்த அளவுக்கு இழுத்தாலும் விகிதம் மாறாது. ஆனால் அதன் தடிமனை ஓர் எண்ணால் மாற்றும் வசதி போய்விடும். ஆகவே மாற்றுவதற்கு முன் மூலக் கோப்பின் பிரதி ஒன்றைத் தனியே சேமித்துக்கொள்ளுங்கள்.