பிரேக் பைப்பை வீட்டிலேயே மாத்தலாமா?

காருக்கு அடியில ஓடுற பிரேக் பைப் துருப்பிடிச்சிருந்தா, பொறுமை இருக்கிறவங்க வீட்டிலேயே மாத்தலாம். ஆனா, ஏ.சி-க்குப் போடுற சாதா செம்புக் குழாய் வேண்டவே வேண்டாம். வண்டி அதிர்வுல நாளடைவில் வெடிப்பு விடும். சுமார் 10% நிக்கல் கலந்த பிரேக் பைப்பா கேட்டு வாங்குங்க. அது சுலபத்தில் அரிக்காது, கையாலேயே வளையும்.

பழைய பைப்பை அளவுக்கு வெச்சுக்கிட்டு, உருண்டையான பொருள் மேல மெதுவா வளைங்க. மடிஞ்சு நசுங்கிட்டா, அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுடுங்க. நட்டை மாட்டின பிறகுதான் முனையை விரிக்கணும். பழைய முனை எப்படி இருந்ததோ அப்படியே. இது சரியா வரலைன்னா ஆயில் கசியும்.

கடைசியா புது பிரேக் ஆயில் ஊத்தி, காத்தை முழுசா வெளியேத்துங்க. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினா, உள்ளே இன்னும் காத்து இருக்குன்னு அர்த்தம். வண்டியை எடுக்காதீங்க, மெக்கானிக்கை வரச் சொல்லுங்க.