படபடப்பு நின்றபின் மருந்தை நிறுத்தலாமா?

சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் சித்தூருக்கும் பலமனேருக்கும் இடையே அமைந்த பங்காருபாளையம், மாங்காய் மண்டிகளுக்குப் பெயர்பெற்ற ஊர். இவ்வட்டாரத்தில் இதய நோயுற்றோர் உயர்சிகிச்சையை நாடித் திருப்பதிக்கோ வேலூருக்கோ செல்வர். சிகிச்சை அங்கே நடப்பினும் மாத்திரை உண்பது வீட்டில்தான். “படபடப்பு நின்றுவிட்டதே, இனி மாத்திரை எதற்கு?” என்னும் வினா எழுவதும் வீட்டில்தான். சுகாதார ஊழியரும் பள்ளி ஆசிரியரும் அவ்வினாவை எதிர்கொள்ள நேரும்.

இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும் நோய் ஏட்ரியல் பிப்ரிலேஷன் எனப்படும். இதனால் துடிப்பு தாறுமாறாகிறது. மேலறையில் தேங்கும் இரத்தம் உறைந்து, அக்கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதத்தையும் விளைவிக்கக்கூடும். ஆகவே துடிப்பைச் சீர்படுத்தும் மருந்து வேறு. இரத்தம் உறையாமல் காக்கும் மருந்து வேறு. முன்னதை நிறுத்தலாம் என்று மருத்துவர் கூறியதைப் பின்னதற்கும் சேர்த்துக்கொள்வதிலேதான் ஆபத்து இருக்கிறது.

நுரையீரல் சிரைகளினின்று எழும் மின்தூண்டலே பலருக்கு இந்நடுக்கத்தைத் தொடங்கிவைக்கிறது என 1998-இல் பிரான்சு நாட்டுப் போர்தோ நகர மருத்துவர்கள் காட்டினர். மெல்லிய குழாயை இதயத்துட் செலுத்தி, அச்சிரைகளின் வாயிலைச் சுட்டுத் தனிமைப்படுத்தும் முறை அதன்பின் பரவிற்று. முதல் இரண்டு மூன்று மாதங்கள் புண் ஆறும் காலம். அப்போது படபடப்பு மீண்டாலும் சிகிச்சை தோற்றதென்று கொள்ளலாகாது. பலருக்கு அதுவரை துடிப்பு மருந்தைத் தொடர்ந்து கொடுத்து, பின்னர் நிறுத்திப் பார்ப்பர்.

துடிப்பு மருந்துகளுள் அமியோடரோன் ஒரு விந்தையான பொருள். உடற்கொழுப்பில் தங்கி, நிறுத்தியபின்னும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் வேலை செய்யும். உண்ணும் காலத்தில் இது வார்பாரின் என்னும் உறைதல் தடுப்பு மருந்தின் ஆற்றலை மிகுவிக்கிறது. ஆகவே அமியோடரோன் நின்றதும் வார்பாரினின் ஆற்றல் சிறிது சிறிதாகக் குறையும். முன்பு போதுமாயிருந்த அளவு போதாமற்போகும். உறைதலை அளக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அம்மாதங்களில் அடிக்கடி செய்தல் வேண்டும். மாங்காய்ப் பருவத்து வேலை நெருக்கடியில் இது தவறிப்போவது எளிது.

இதன் விளைவை 2002-இல் வெளியான ‘அபர்ம்’ ஆய்வில் காணலாம். அதிற் பங்குகொண்டோர் 4,060 பேர். பக்கவாதம் கண்டவருள் பெரும்பாலோர் வார்பாரினை நிறுத்தியவர்கள், அல்லது ஐ.என்.ஆர். அளவு 2-க்குக் குறைந்திருந்தவர்கள்.

எனினும் உறைதல் தடுப்பு மருந்தை எவரும் நிறுத்தலாகாது என்பதன்று. தென்கொரியாவில் சுடுசிகிச்சைக்குப்பின் ஓராண்டேனும் நடுக்கம் மீளாத 840 பேரை ஆராய்ந்து 2025-இல் முடிவை வெளியிட்டனர். மருந்தை நிறுத்தியவர்க்குத் தீங்கு குறைவாகவே இருந்தது. கடும் இரத்தப்போக்கு குறைந்ததே முக்கிய காரணம். ஆனால் இவர்கள் தாமாக நிறுத்தியவர்கள் அல்லர். இதய மின்வரைபடத்தால் கண்காணிக்கப்பட்டவர்கள்.

மூட்டுவாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்க்கு இம்முடிவு பொருந்தாது. இந்தியாவில் இத்தகையோர் இன்றும் பலர். 24 நாடுகளில் நடந்து 2022-இல் வெளியான ‘இன்விக்டஸ்’ ஆய்வில், இத்தகைய வால்வு நோயுடையோருள் வார்பாரின் வகை மருந்து உண்டவரிடையே இறப்பு, புதிய மருந்தான ரிவராக்சபான் உண்டவரிடையே இருந்ததைவிடக் குறைவாயிருந்தது.

ஆகவே, ‘மாத்திரை நின்றது’ என்று ஒருவர் கூறின், எம்மாத்திரை, நிறுத்தச் சொன்னவர் யார், அடுத்த ஐ.என்.ஆர். என்று என மருத்துவச் சீட்டைப் பார்த்துக் கேட்கவேண்டும். முகம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும். அறிகுறி தொடங்கிய நேரத்தையும் குறித்தனுப்புக.